ஃபார்ம் 22-இல் இன்னும் ஒரு வரி: சாலைப் போக்குவரத்து அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மத்திய சாலைப் போக்குவரத்து மற்றும் நெடுஞ்சாலைத் துறை அமைச்சக அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

கார் வாங்கப் போகிறவர் ஷோரூமில் கேட்கும் முதல் கேள்வி, மைலேஜ் எவ்வளவு என்பதுதான். அதற்கு ஒரு பதில் இருக்கிறது. வண்டிகளைச் சோதிக்கும் ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற அமைப்பு சோதித்துச் சான்றளித்த எண் அது. சாலையில் அந்த அளவு கிடைக்காது என்று வாங்குகிறவருக்கும் தெரியும், விற்கிறவருக்கும் தெரியும். ஆனாலும் இரண்டு கார்களை அருகருகே வைத்துப் பார்க்க அது போதும்.

இன்ஜின் ஆயில் எவ்வளவு குடிக்கும் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. யாரும் சொல்வதும் இல்லை. கேட்க வேண்டிய நிலை வரும்போது கார் வாங்கி இரண்டு மூன்று வருடம் ஓடியிருக்கும். சர்வீஸ் முடிந்து சில மாதம்கூட ஆகியிருக்காது, ஆயில் மட்டம் பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தால் முனையில் ஒரு சொட்டு ஒட்டியிருக்கும். கீழே ஒழுகவில்லை, தரையில் கறை இல்லை, புகையும் கண்ணுக்குத் தெரியவில்லை. சர்வீஸ் சென்டருக்குப் போனால் அட்வைசர் ஒரு லிட்டரை ஊற்றி, பில்லைப் போட்டு, ‘இது நார்மல்தான் சார்’ என்பார்.

எது நார்மல்? அதை யார் முடிவு செய்தது? அந்த முடிவை வாங்கும்போதே எங்களுக்கு ஏன் சொல்லவில்லை? இதைக் கேட்கத்தான் இந்த மடல். என் கார் எந்த நிறுவனத்தினுடையது என்று இங்கே எழுதப் போவதில்லை. இது ஒரு நிறுவனத்தின் மேல் உள்ள கோபத்தைக் கொட்டுவதற்கான கடிதம் இல்லை. அதற்கு நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. உங்களிடம் கேட்பது வேறு: புது வண்டியோடு நிறுவனம் தரும் ஃபார்ம் 22 சான்றில், இன்ஜின் எவ்வளவு ஆயில் எரிக்கலாம் என்று ஒரு வரி.

முதலில் ஒரு கணக்கு. உலகம் முழுக்க விற்கும் பல கார்களின் ஓனர் மேனுவலில், யாரும் திறக்காத பின்பக்கங்களில், ஒரு வரி இருக்கும்: 1,000 கிலோமீட்டருக்கு அரை லிட்டர் வரை ஆயில் செலவாகலாம் என்று. சிலவற்றில் அதுவே ஒரு லிட்டர். நம் ஊரில் ஓடும் சாதாரண நான்கு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜினின் சம்ப் (அடியில் ஆயில் தங்கும் தொட்டி) பிடிக்கும் ஆயில் மூன்றரை முதல் நான்கரை லிட்டர். சர்வீஸ் இடைவெளி பெரும்பாலும் 10,000 கிலோமீட்டர். ஆயிரத்துக்கு ஒரு லிட்டர் என்ற அளவு நார்மல் என்றால், ஒரு சர்வீசுக்கும் அடுத்த சர்வீசுக்கும் நடுவில் 10 லிட்டர் ஊற்ற வேண்டும். சம்ப்பில் இருப்பதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்! அரை லிட்டர் என்று வைத்தாலும் 5 லிட்டர். நடுவில் ஊற்றாமல் விட்டால் அடுத்த சர்வீசுக்கு வரும் முன்பே சம்ப் காலி. அதாவது அந்த மேனுவலின் ஒரு பக்கம் ‘10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றினால் போதும்’ என்கிறது, இன்னொரு பக்கம் ‘அதுவரை ஆயில் இருக்கும் என்று நம்பாதே’ என்கிறது. முதல் பக்கம் மட்டும் விளம்பரத்துக்கு வருகிறது.

சரி, ஆயில் எங்கே போகிறது? பிஸ்டனில் மூன்று ரிங் இருக்கும். மேலே உள்ள இரண்டும் எரியும் வாயுவின் அழுத்தத்தைப் பிடித்து வைப்பவை. மூன்றாவதுதான் ஆயில் ரிங். சிலிண்டர் சுவரில் படியும் ஆயிலை வழித்துக் கீழே அனுப்புவது அதன் வேலை. வழித்த ஆயில் ரிங்குக்குப் பின்னால் பிஸ்டனில் உள்ள சிறு துளைகள் வழியாகச் சம்ப்புக்குத் திரும்பும். அந்தத் துளைகள் சிறியதாக இருந்து, ஆயில் சூட்டில் கருகி அடைத்துக்கொண்டால், ரிங் தன் பள்ளத்திலேயே சிக்கிக்கொள்ளும். அப்புறம் அது எதையும் வழிக்காது. சுவரில் தங்கிய ஆயில் பெட்ரோலோடு சேர்ந்து எரிந்து சைலன்சர் வழியாகப் போய்விடும். வால்வ் சீல் கெட்டாலும் போகும், இன்ஜினுக்குள் சேரும் வாயுவைத் திரும்ப எரிய அனுப்பும் பி.சி.வி. வால்வ் கெட்டாலும் போகும், டர்போவின் சீல் வழியாகவும் போகும். பழைய வண்டி என்றால் மெக்கானிக் தயங்காமல் ‘ரிங் போயிடுச்சு, இன்ஜின் இறக்கணும்’ என்று சொல்லிவிடுவார். 40,000 கிலோமீட்டர் ஓடிய காரில் இதைச் சொல்ல கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஒருவருக்கும் வாய் வருவதில்லை.

இதில் உங்கள் பங்கும் கொஞ்சம் இருக்கிறது. குறையாகச் சொல்லவில்லை. 2017-லிருந்து நம் நாட்டில் கார் நிறுவனங்களுக்கு சராசரி எரிபொருள் சிக்கன விதிகள் இருக்கின்றன. 2022-23-இல் அவை இன்னும் இறுகின. மற்ற நாடுகளிலும் இதே கதைதான். மைலேஜைக் கொஞ்சம் கூட்ட ஒரு வழி, இன்ஜினுக்குள் உராய்வைக் குறைப்பது. அதற்கு ரிங்கின் இறுக்கத்தைக் குறைத்தார்கள், 0டபிள்யூ-20 போன்ற நீர்த்த ஆயிலுக்கு மாறினார்கள், ஆயில் மாற்றும் இடைவெளியையும் நீட்டினார்கள். நன்றாக வடிவமைத்தால் இவை எல்லாமே ஒழுங்காக வேலை செய்யும். எத்தனையோ கார்கள் நீர்த்த ஆயிலில் ஒரு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியும் ஆயிலைத் தொடுவதில்லை. வடிவமைப்பில் எங்கோ தவறினால்தான் சிக்கல். அப்போது மைலேஜ் எண்ணின் பெருமை நிறுவனத்துக்கும், ஆயில் செலவு ஓனருக்கும் என்று பங்கு பிரிந்துவிடுகிறது. (எத்தனால் கலந்த பெட்ரோல் வந்த பிறகுதான் இதெல்லாம் என்று சொல்பவர்களும் உண்டு. கீழே நான் சொல்லப்போகும் வழக்குகளில் ரிங்கும் பிஸ்டனும்தான் பேசப்பட்டன, எத்தனால் இல்லை. அதனால் அந்தச் சண்டையை இங்கே இழுக்கவில்லை.)

எந்த இன்ஜினும் துளிகூட ஆயில் எரிக்காமல் இருக்காது என்பது எங்களுக்கும் தெரியும். புது இன்ஜினில் ரிங் சீராகப் படியும் வரை கொஞ்சம் கூடுதலாகப் போகும். நெடுஞ்சாலையில் மிதித்து ஓட்டினால் கூடுதலாகப் போகும். யமஹா ஆர்.எக்ஸ். 100 ஓட்டிய தலைமுறையைக் கேட்டுப் பாருங்கள். 2டி ஆயில் தனியாக ஊற்றத்தான் வேண்டும், பின்னால் நீலப் புகை வரத்தான் செய்யும் என்று தெரிந்தே வாங்கினார்கள், ஒருவரும் புகார் சொல்லவில்லை. ஆயில் செலவாவது குற்றம் இல்லை. சொல்லாமல் விற்பதுதான் குற்றம்.

மற்ற நாடுகளில் இது எப்படிப் போனது என்று பார்த்தால் ‘நார்மல்’ எவ்வளவு இழுபடும் என்பது புரியும். அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் என்ற நுகர்வோர் அமைப்பு 2015-இல், 2010 முதல் 2014 வரையிலான 4,98,900 வண்டிகளின் ஓனர்கள் தந்த விவரத்தை வைத்து இதை ஆராய்ந்தது. ஆடி, பி.எம்.டபிள்யூ., சுபாரு ஆகியவற்றின் சில இன்ஜின்கள் மற்றவற்றைவிட அதிகமாக ஆயில் குடிப்பதாகத் தெரிந்தது. அதைவிட எனக்குச் சுவாரசியமாகப் பட்டது, அந்த நிறுவனங்கள் வைத்திருந்த அளவுகோல். சுபாரு 1,000 முதல் 1,200 மைலுக்கு ஒரு குவார்ட் (ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவு) போனால் ஏற்கலாம் என்றது. ஆடி, பி.எம்.டபிள்யூ. கார்கள் சிலவற்றுக்கு 600, 700 மைலுக்கே ஒரு குவார்ட் போகலாம். நம் கணக்கில் ஒருவருக்கு 1,000 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய அரை லிட்டர், இன்னொருவருக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர். எல்லாமே பெட்ரோல் இன்ஜின்தான், ஓடுவதும் ஒரே நாட்டில்தான். ஆனால் நார்மல் மட்டும் கடைக்குக் கடை வேறு.

நார்மல் என்று சொன்னவர்கள் பிறகு என்ன செய்தார்கள் என்பதையும் பாருங்கள். 2009 முதல் 2011 வரையிலான ஆடி 2.0 டர்போ கார்களுக்காகப் போடப்பட்ட வழக்கு சமரசத்தில் முடிந்து, அந்தக் குறைக்கான வாரண்டி 8 ஆண்டு அல்லது 80,000 மைல் என்று நீண்டது. சுபாரு ஓனர்கள் 2014-இல் நியூ ஜெர்சி நீதிமன்றத்துக்குப் போனார்கள். 5 ஆண்டு, 60,000 மைலாக இருந்த வாரண்டி 8 ஆண்டு, 1,00,000 மைல் ஆனது. டொயோட்டாவின் 2.4 லிட்டர் இன்ஜின் பொருத்திய கேம்ரி உள்ளிட்ட கார்களுக்கு 10 ஆண்டு, 1,50,000 மைல் வரை பிஸ்டனும் ரிங்கும் மாற்றிக் கொடுக்கப்பட்டன. ஹோண்டாவின் வி6 இன்ஜின், மைலேஜுக்காகப் பாதி சிலிண்டர்களை ஓட்டத்திலேயே உறங்க வைக்கும் வகை. அதில் ஆயில் ஏறி ஸ்பார்க் பிளக் அழுக்காகி மிஸ்ஃபயர் ஆனது. அதற்கும் வழக்கு, அதற்கும் வாரண்டி நீட்டிப்பு. ஜெனரல் மோட்டார்ஸ் மட்டும் ஜூரியின் தீர்ப்பு வரை சண்டை போட்டது. 5.3 லிட்டர் வி8 பொருத்திய 2011–2014 வண்டிகள் பற்றிய வழக்கில், 2022 அக்டோபரில் சான் ஃபிரான்சிஸ்கோ ஜூரி 10.26 கோடி டாலர் தீர்ப்பளித்தது. மூன்று மாநிலங்களைச் சேர்ந்த ஏறக்குறைய 38,000 ஓனர்களுக்கு ஆளுக்கு 2,700 டாலர்.

ஐரோப்பாவும் தப்பவில்லை. ரெனோவின் 1.2 லிட்டர் டர்போ இன்ஜின் 2012 முதல் 2016 வரை ரெனோ, டாசியா, நிசான் கார்களில் போடப்பட்டது. அது அதிகமாக ஆயில் குடிக்கிறது என்று பிரான்சின் யூ.எஃப்.சி.-கே ஷுவாசிர் என்ற நுகர்வோர் சங்கம் 2019-இல் நிறுவனத்துக்கு நோட்டீஸ் அனுப்பியபோது ஐரோப்பாவில் 4,00,000 வண்டிகள் இதில் அடங்கும் என்றது. 2024 மார்ச்சில், பியூஜோ, சிட்ரோன் கார்களைச் செய்யும் ஸ்டெலாண்டிஸ் தன் 1.2 பியூர்டெக் இன்ஜினுக்கு, ஆயில் அதிகம் குடிப்பதற்கும் டைமிங் பெல்ட் சீக்கிரம் தேய்வதற்கும் சேர்த்து, 10 ஆண்டு அல்லது 1,75,000 கிலோமீட்டர் வரை பொறுப்பேற்பதாக அறிவித்தது.

இந்த வரிசையில் எனக்குத் தெரிவது ஒன்றுதான். ஓனர்கள் கூட்டமாகச் சேரும் வரை எல்லாமே நார்மல். சேர்ந்த பிறகு பிஸ்டனே மாறுகிறது. நம் நாட்டில் அப்படிக் கூட்டமாகச் சேர்வதற்குச் சட்டத்தில் வழி இருந்தாலும், கையில் பிடித்துக்கொள்ள ஒரு எண் இல்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி ஆணையம் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பலாம். அதற்கான கட்டணத்தைப் புகார்தாரரே கட்ட வேண்டியும் வரலாம். கட்டிவிடுகிறோம் என்றே வையுங்கள். ஆய்வகம் அளந்து, 1,000 கிலோமீட்டருக்கு 0.7 லிட்டர் என்று எழுதித் தருகிறது. நிறுவனத்தின் வக்கீல் எழுந்து, எங்கள் வரம்பு ஒரு லிட்டர் என்கிறார். அங்கேயே முடிந்தது. அளவுகோலைச் செய்தவரும் எதிர்க்கட்சிக்காரரும் ஒருவராக இருக்கும்போது அளந்து என்ன பயன்?

அளக்கும் முறையிலும் ஒழுங்கு இல்லை. புகார் சொன்னால் ‘ஆயில் கன்சம்ப்ஷன் டெஸ்ட்’ என்பார்கள். ஆயிலை நிரப்பி, டிரெயின் போல்ட்டிலும் ஃபில்டரிலும் பெயின்ட் அடையாளம் வைத்து, ஓட்டிக்கொண்டு வாருங்கள் என்று அனுப்புவார்கள். திரும்பிப் போனால் டிப்ஸ்டிக்கில் பார்ப்பார்கள். டிப்ஸ்டிக்கின் இரண்டு கோட்டுக்கும் நடுவில் பல கார்களில் ஒரு லிட்டர் அடங்கும். வண்டி சற்றுச் சாய்ந்து நின்றாலோ, இன்ஜினை நிறுத்திய உடனே பார்த்தாலோ கால் லிட்டர் அப்படியும் இப்படியும் காட்டும். இன்னொரு சிக்கலும் உண்டு. ஊருக்குள் சின்னச் சின்ன தூரம் ஓடும் காரில் எரியாத பெட்ரோல் கொஞ்சம் ஆயிலில் கலக்கும். ஆயில் குறைந்த இடத்தைப் பெட்ரோல் நிரப்பிவிடும், மட்டம் அப்படியே இருக்கும். 2018-இல் சீனாவில் ஹோண்டா சி.ஆர்-வி கார்களில் குளிர்காலத்தில் ஆயில் மட்டம் ஏறியதே, அது இதே கலப்பின் உச்சம். அப்படி ஊருக்குள்ளேயே ஓடிய காரை ஒரு நாள் சென்னையிலிருந்து திருச்சி வரை விரட்டினால், கலந்த பெட்ரோல் சூட்டில் ஆவியாகி, டிப்ஸ்டிக் திடீரென்று காய்ந்து கிடக்கும். சர்வீஸ் சென்டரில் இதைச் சொன்னால், ‘டெஸ்ட்ல சரியா இருந்துச்சே சார்’ என்பார்கள். அதற்குள் வாரண்டியில் சில மாதம் கரைந்திருக்கும். ஆயிலை வடித்து எடைபோட்டு ஊற்றி, திரும்ப வடித்து எடைபோடுவதுதான் நேர்மையான அளவு. அது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஒரு தராசு போதும்.

இதெல்லாம் காசு விவகாரம்தானே, சாலைப் போக்குவரத்து அமைச்சகம் ஏன் தலையிட வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். இரண்டு காரணம் உண்டு. டேஷ்போர்டில் எரியும் சிவப்பு ஆயில் விளக்கு ஆயிலின் மட்டத்தைக் காட்டுவதில்லை, அழுத்தத்தைக் காட்டுகிறது. மட்டத்துக்குத் தனி சென்சார் இல்லாத கார்களில், சம்ப் ஏறக்குறைய வறண்டு பம்ப் காற்றை இழுக்கும்போதுதான் அது எரியும். அந்த நேரத்தில் கார் நெடுஞ்சாலையின் வலது ஓரத்தில், நூறு கிலோமீட்டர் வேகத்தில் இருக்கலாம். பேரிங் உருகி இன்ஜின் இறுகினால் என்ன ஆகும் என்பதை விபத்துக் கோப்புகளைப் பார்க்கும் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அடுத்தது காற்று. இன்ஜின் ஆயிலில் தேய்மானத்தைத் தடுக்கப் பாஸ்பரஸும் துத்தநாகமும் கலந்த ஒரு சேர்மம் இருக்கும். அது எரிந்து வெளியேறும்போது புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரின் மேல் படிந்து, அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செயலிழக்க வைக்கும். 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 வந்தபோது, மாசுக் கட்டுப்பாட்டுச் சாதனங்கள் 1,60,000 கிலோமீட்டர் தாங்க வேண்டும் என்று நீங்களே விதித்தீர்கள். ஆயிரத்துக்கு ஒரு லிட்டர் ஆயிலை எரிக்கும் இன்ஜினுக்குப் பின்னால் ஒரு கன்வர்ட்டர் அத்தனை தூரம் எப்படித் தாங்கும்? புகைப் பரிசோதனையில் மாட்டும் என்று இருந்துவிட முடியாது. கன்வர்ட்டர் உயிரோடு இருக்கும் வரை ஐடிலிங்கில் வைத்து எடுக்கும் அந்தப் பரிசோதனையில் இப்படிப்பட்ட கார்கள் பெரும்பாலும் பாஸ் ஆகிவிடும்.

மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தம் கொண்டுவந்த 110ஏ பிரிவு, சுற்றுச்சூழலுக்கோ ஓட்டுநருக்கோ பயணிக்கோ சாலையில் போகும் மற்றவர்களுக்கோ தீங்கு செய்யக்கூடிய குறை இருந்தால் அந்த வகை வண்டிகளைத் திரும்பப் பெறச் சொல்லும் அதிகாரத்தை உங்களுக்குத் தருகிறது. 2021 ஏப்ரல் முதல் அதற்கான விதிகளும் நடப்பில் இருக்கின்றன. ஏழு ஆண்டுக்குட்பட்ட வண்டிகளுக்கு அவை பொருந்தும். ஆயில் எரிப்பது இதில் எந்தத் தீங்கிலும் சேராது என்று நிறுவனங்கள் சொல்லட்டும், கேட்போம். ஆனால் ரீகால் கடைசி ஆயுதம். அதற்கு முன் செய்யக்கூடிய ஒரு சின்ன வேலைக்காகத்தான் இத்தனை நீளமாக எழுதுகிறேன்.

ஒவ்வொரு புது வண்டியோடும் நிறுவனம் ஃபார்ம் 22 கொடுக்கிறது. மாசு, பாதுகாப்பு விதிகளுக்கு வண்டி உட்பட்டது என்ற சான்று அது. கார்பன் மோனாக்சைடு எவ்வளவு, நைட்ரஜன் ஆக்சைடுகள் எவ்வளவு, ஹாரன் சத்தம் எத்தனை டெசிபல் என்பதெல்லாம் அதில் எண்ணாக இருக்கின்றன. அதில் ஒரு வரி கூட்டுங்கள்: இந்த இன்ஜின் 1,000 கிலோமீட்டருக்கு அதிகபட்சம் இவ்வளவு மில்லிலிட்டர் ஆயில் எரிக்கலாம், அதைத் தாண்டினால் குறை என்று நிறுவனம் ஏற்கிறது. அவ்வளவுதான். வரம்பை முதலில் நிறுவனமே எழுதட்டும். அதை எடைபோட்டுச் சோதிக்கும் முறையை ஏ.ஆர்.ஏ.ஐ.யோ, இங்கே ஒரகடத்தில் இருக்கும் வாகனச் சோதனை மையமான ஜி.ஏ.ஆர்.சி.யோ வகுத்துக் கொடுக்கட்டும். சோதனை நடக்கும் நாட்களை வாரண்டிக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பதையும் அந்த முறையிலேயே எழுதிவிடுங்கள். அமெரிக்காவில் சாலைப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு அமைப்பான என்.எச்.டி.எஸ்.ஏ.வுக்கு வரும் புகார்களை எந்த மாடல், எந்த வருடம் என்று தேடி யார் வேண்டுமானாலும் படிக்கலாம். உங்களுக்கு வரும் ஆயில் புகார்களையும் மாடல் வாரியாக அப்படித் திறந்து வைத்தால், செகண்ட் ஹேண்ட் வாங்குகிறவர்களும் உங்களை வாழ்த்துவார்கள். ஆயில் குடிப்பதை மறைக்கக் கெட்டியான 20டபிள்யூ-50 ஆயிலை ஊற்றித் தலையில் கட்டும் வித்தை அந்தச் சந்தையில் ரொம்பப் பழசு.

எண்ணாகச் சொல்ல முடியாத விஷயம் இது என்று நிறுவனங்கள் உங்களிடம் வாதிடலாம். ஓட்டுபவரைப் பொறுத்து மாறும் என்பார்கள். மைலேஜும் அப்படித்தான் மாறும்; அதற்கு ஒரு சோதனைச் சுழற்சி வைத்து எண் கொடுக்கவில்லையா? சீனா 2003-இல் வெளியிட்ட இன்ஜின் நம்பகத்தன்மைத் தரநிலையில், முழுச் சுமையில் ஓடும்போது ஆயில் செலவு எரிபொருள் செலவில் 0.3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். அது சோதனை மேடையில் பார்க்கும் அளவு, சாலைக்கு அப்படியே பொருந்தாதுதான். ஆனாலும் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் போகும் காருக்குப் போட்டுப் பாருங்கள். 1,000 கிலோமீட்டருக்கு 67 லிட்டர் பெட்ரோல், அதில் 0.3 சதவீதம் 200 மில்லி. மேனுவலின் பின்பக்கத்தில் இருக்கும் ஒரு லிட்டர் இதைப் போல ஐந்து மடங்கு.

எண் கேட்டால் எல்லோரும் பாதுகாப்பாக ஒரு லிட்டர் என்று எழுதிவிடுவார்கள் என்று உங்கள் அலுவலகத்திலேயே யாராவது சொல்லக்கூடும். எழுதட்டும். ஷோரூமில் மேசை மேல் இரண்டு ஃபார்ம் 22 இருக்கும். ஒன்றில் 1,000 மில்லி, இன்னொன்றில் 250. டாக்சி ஓட்டி வாரத்துக்கு ஆயிரம் கிலோமீட்டர் தாண்டுகிற அண்ணன் எதை எடுப்பார் என்று விற்பவருக்கே தெரியும். ஒரு லிட்டர் என்று எழுதிய நிறுவனம் அடுத்த மாடலுக்குள் தன் ரிங்கைத் தானே சரிசெய்துகொள்ளும். நீங்கள் அபராதம்கூடப் போட வேண்டியிருக்காது.

வரைவு அறிவிக்கை வெளியிட்டுப் பொதுமக்கள் கருத்தைக் கேட்பது உங்கள் வழக்கம். இதற்கும் அப்படி ஒன்று வெளியிடுங்கள். எங்கள் சர்வீஸ் பில்களும் டாப்-அப் ரசீதுகளும் தயாராக இருக்கின்றன.

இப்படிக்கு,
சென்னையிலிருந்து ஒரு கார் ஓனர்

நகல்: மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, ஜி.ஏ.ஆர்.சி., ஒரகடம்